நான்காம் எண் புட்டியில் இருந்த உப்பு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஆய்வகப் பாதுகாப்பு பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். எழுதினேன். பன்னிரண்டு விதிகள் வந்தன. படித்துப் பார்த்தால் பன்னிரண்டும் உங்களுக்குத் தெரிந்தவை. முதுகலை முடித்து, மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்த வந்திருப்பவர்களிடம் அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கிழித்துப் போட்டேன். அப்புறம், கிழித்தது தப்போ என்று குப்பைக் கூடையிலிருந்து எடுத்து ஒட்டவைத்துப் பார்த்தேன். நான் அப்படிப்பட்ட ஆள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை இழுத்துப் பார்க்காமல் விட்டேன். விதிகளுக்குப் பதிலாக அதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்றவள் அல்ல. உங்களைவிடச் சில ஆண்டுகள் மூத்தவள், அவ்வளவுதான். அதனால் இதைப் பெரியவர்களின் அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அது மூன்று நாள் பயிற்சி. ஏற்காட்டில் ஒரு பள்ளியின் ஆய்வகத்தைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். மலையிலிருந்தும் சேலத்துப் பக்கமிருந்தும் வேதியியல் ஆசிரியர்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். பயிற்சியை நடத்தும் கருத்தாளராக என்னைப் போட்டிருந்தார்கள். எனக்கு அது முதல் முறை. என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். பேறுகால விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பி அதிக நாள் ஆகவில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பிள்ளை பெற்றவர்களை இனி எதற்கும் கூப்பிடக் கூடாது என்பார்கள். போனால், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இதெல்லாம் இவளுக்கு எதற்கு என்பார்கள். இரண்டில் எது குறைவாக வலிக்கும் என்று கணக்குப் போட்டு, சரி என்றேன்.

என் கணவர் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தோம். "நீ உன் உப்பைப் பாரு. இந்த உப்பு மூட்டையை நான் பாத்துக்கறேன்" என்று குழந்தையை முதுகில் தூக்கிக்கொண்டார். பால் கொடுக்கும் நேரத்துக்கு அவளைப் பள்ளிக்கே கொண்டுவந்துவிடுவார். ஆய்வகத்துக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து கொடுப்பேன்.

மூன்றாம் நாள் காலை ஆசிரியர்களே மாணவர்களாக இருந்து உப்புப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். பெயர் இல்லாமல் எண் மட்டும் ஒட்டிய புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, ஒவ்வொரு சோதனையாகச் செய்து, அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். தாளில் மூன்று பத்திகள்: சோதனை, காண்பன, அறிவன. செய்தது, கண்ணால் கண்டது, அதிலிருந்து தெரிந்துகொண்டது. மதிப்பெண் உண்டு. நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு அந்த மதிப்பெண்ணால் ஆவதும் இல்லை, போவதும் இல்லை. வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் அதில்தான் எல்லாமே இருந்தது.

அவர் பூங்கொடி. மலைக்கிராமமான தலைச்சோலைக்காரர். கொஞ்சம் காபியும் மிளகும் வைத்திருக்கும் குடும்பத்தில் முதன்முதலாக முதுகலை வரை படித்தவர். மலையில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தார். முதல் நாள் டீ வாங்க நிற்கும்போது அவரே சொன்னார்.

"இந்தப் பயிற்சித் தாளு வரட்டும், அதப் பாத்துட்டு அடுத்த வருசத்தப் பத்திப் பேசலாம்னுட்டாங்க டீச்சர். பாதிக்கு மேல வாங்கிட்டா வெச்சுக்குவாங்களாட்டம் இருக்குதுங்க."

"இல்லாட்டி?"

"சேலத்துல ஏதாச்சும் டியூசன் சென்டர்தானுங்க. தினமும் பஸ்ஸுல எறங்கி ஏறோணும். ஊட்டுல விடமாட்டாங்க." சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார். "அப்பறம் என்னங்க, காப்பிக்காய் பறிக்கறதுதான்."

இரண்டாம் நாள் மாலை நான் ஆறு புட்டிகளைத் தயார் செய்தேன். அந்த ஆய்வகத்து அலமாரியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து அலமாரிக்குள்ளும் குடியிருக்கும் ஊர் இது. ஒட்டிய தாள்கள் ஊறி, பசை விட்டு, எழுத்துக் கரைந்து கிடந்தன. நான்காம் எண்ணுக்கு அம்மோனியம் குளோரைடு வைப்பதாகத் திட்டம். ஒரு பெரிய புட்டியில் வெள்ளைத் தூள் இருந்தது. அதன் தாளில் முன்பாதி அழிந்து 'குளோரைடு' மட்டும் மிஞ்சியிருந்தது. அம்மோனியம் கார்பனேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்படியானால் அம்மோனியம் குளோரைடுதான் என்று எடுத்து, நான்காம் எண் புட்டியில் நிரப்பினேன். எடுக்கும்போது கை கொஞ்சம் கனத்தது. நிறைய இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சிட்டிகை எடுத்து சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சூடாக்கினால் போதும். அம்மோனியம் என்றால் மூக்கைப் பிடுங்கும் வாசனை வரும். இரண்டு நிமிட வேலை. சோதனைக் குழாயைக் கையில் எடுத்தும்விட்டேன். அடுத்த அறையில் குழந்தை அழுதாள். "ஏம்மா, உன் மேலதிகாரி கூப்பிடறாங்க" என்று கணவர் குரல் கொடுத்தார். குழாயை வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து ஐந்தாம், ஆறாம் எண்களை நிரப்பினேன். நான்காம் எண்ணை மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஞாபகம் வந்தது. குளோரைடு என்று எழுதியிருக்கிறதே, போதும் என்று விட்டேன்.

மூன்றாம் நாள் காலை, தொடங்குவதற்கு முன்பே கழுத்தில் மப்ளர் சுற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர் வந்தார். அவரை எல்லோரும் மப்ளர் சார் என்றே கூப்பிட்டார்கள்.

"டீச்சர், லிஸ்ட்டை ஒருக்கா காட்டிருங்க."

"என்ன லிஸ்ட்டுங்க சார்?"

"எந்த நம்பர்ல எந்த உப்புன்னுதான். பாத்துட்டு மூடி வெச்சுக்கறோம்."

"பயிற்சியே அதக் கண்டுபிடிக்கத்தானுங்களே சார்."

"சர்வீஸ் இருவத்திரண்டு வருசமாச்சுங்க. இனிமேலா நான் உப்பை மோந்து பாத்து வாத்தியார்னு நிரூபிக்கோணும்? பசங்களுக்கே சொல்லித்தான் விடறோம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இது நம் தொழிலின் பழக்கம். உங்களில் பலர் இந்தப் பழக்கத்தில்தான் பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். நானும்தான். தேர்வுக்கு முன் யாரோ காதில் உப்பின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பிறகு குழாயையும் விளக்கையும் கையில் வைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை எழுத வேண்டியதுதான்.

கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கொடுக்காவிட்டால், நேற்று வந்தவள் எங்களுக்குத் தேர்வு வைக்கிறாள் என்பார்கள். காட்டினேன். அவர் போனில் படம் எடுத்தார். ஐந்து நிமிடத்தில் முப்பது போனிலும் அது போய்ச் சேர்ந்தது. பூங்கொடியின் போனிலும்.

இரண்டு மணி நேரம் பகுப்பாய்வு நடந்தது. நான்காம் எண் ஐந்து பேருக்கு வந்தது. மப்ளர் சார், இன்னும் மூன்று பேர், பூங்கொடி. தாள்களை வாங்கி அங்கேயே திருத்தினேன். நான்கு தாள்களில் அம்மோனியம் குளோரைடு. அழகான கையெழுத்து, வரிசை தவறாத சோதனைகள். ஐந்தாவது தாளில் பேரியம் குளோரைடு என்றிருந்தது. பாதிக்கும் கீழே மதிப்பெண் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: 'சுடர்ச் சோதனைக் கம்பியைச் சரியாகக் கழுவவில்லை. செய்முறையில் கவனம் போதாது.'

அதோடு விட்டிருக்கலாம். மதிப்பாய்வு என்று ஒன்று வைத்து, எல்லோர் முன்னாலும் அவரை எழுந்து நிற்கச் சொன்னேன். பிழையிலிருந்து கற்பது என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

"பூங்கொடி டீச்சர், லிஸ்ட்டைப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. அம்மோனியம்னு போட்டிருந்தது. எனக்கு வாசனை வரலைங்க. கம்பியில வெச்சு எரிச்சா பச்சையா வந்ததுங்க."

"பக்கத்து மேசையில காப்பர் சல்பேட் இருந்தது. கம்பி அதுல பட்டிருக்கும். காப்பரும் பச்சையாத்தான் எரியும்."

"மூணு தடவை ஆசிட்டுல நனைச்சு, நெறம் போற வரைக்கும் எரிச்சுட்டுத்தானுங்க வெச்சேன்."

"சரி."

"பேரியமான்னு பாக்க பொட்டாசியம் குரோமேட் விட்டப்பவும் மஞ்சளா வீழ்படிவு வந்ததுங்க டீச்சர்."

"குரோமேட் கரைசலே மஞ்சள்தானே. அந்த நிறத்தைத்தான் பாத்திருப்பீங்க."

இப்போது இதை எழுதும்போது என் பதில்களின் கெட்டிக்காரத்தனம் எனக்கே பயமாக இருக்கிறது. அவர் கண்டதாகச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. படித்தவர்களுக்குக் காரணங்கள் சீக்கிரம் கிடைத்துவிடும்.

"தலைச்சோலைக் காப்பித்தூள் கொஞ்சம் விழுந்திருக்குமுங்க" என்றார் மப்ளர் சார்.

"காப்பித்தூள் பச்சையாவா எரியும் சார்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"வறுக்காத தூளுங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பூங்கொடியும் சிரிக்க முயன்றார். உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார்.

மதிய உணவு இடைவேளையில் குழந்தை வந்தாள். பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரே வரி ஓடிக்கொண்டிருந்தது: மூணு தடவை நனைச்சு எரிச்சேனுங்க. லிஸ்ட்டில் விடை இருக்கிறது. அதைப் பார்த்து எழுதியிருந்தால் முழு மதிப்பெண். வேலை நிலைக்கும். அப்படி இருந்தும் ஒருவர் வேறு விடை எழுதுகிறார் என்றால், அவர் கவனக்குறைவான ஆளா? கவனக்குறைவானவர் லிஸ்ட்டை அல்லவா எழுதியிருப்பார்.

அப்போதுதான் அந்தப் புட்டியின் கனம் கைக்கு ஞாபகம் வந்தது. அம்மோனியம் குளோரைடு அவ்வளவு கனக்காது.

"ஏனுங்க, இவளைப் பிடிங்க" என்றேன்.

"இன்னும் குடிச்சு முடிக்கலையே."

"பிடிங்க."

பயிற்சி ஒருங்கிணைப்பாளர் மூன்று மணிக்கு மதிப்பீட்டுத் தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜீப்பில் சேலத்துக்கு இறங்குவதாக இருந்தார். அங்கிருந்து தாள்கள் நேராக அந்தந்தப் பள்ளிக்குப் போய்விடும். மணி இரண்டேகால்.

ஆய்வக உதவியாளரான அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் நான்காம் எண் புட்டி.

"இதுல அடியில கொஞ்சம்தானுங்க டீச்சர் இருக்குது. கொட்டிரட்டுங்களா?"

"கொட்டாதீங்க. குடுங்க."

அந்த அறையில் காலையிலிருந்தே அம்மோனியா நெடி இருந்தது. வேறு உப்புகளுக்கு அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஜன்னல்களைத் திறந்தேன். பனி உள்ளே வந்தது. நெடி குறையும் வரை நின்றேன். ஒரு சிட்டிகை உப்பை எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, விளக்கில் காட்டினேன். உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. வாசனை வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வந்தால் நான் சரி, பூங்கொடி தப்பு, மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். கொதித்தது. ஒரு வாசனையும் இல்லை. ஈரச் சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாய் வாயில் பிடித்தேன். சிவப்பாகவே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தேன்.

கம்பியைக் கழுவினேன். எரித்தேன். மறுபடி கழுவினேன். உப்பைத் தொட்டுச் சுடரில் வைத்தேன். பச்சை. இளம் ஆப்பிளின் பச்சை, பேரியத்துக்கே உரியது. காப்பரின் நீலம் கலந்த பச்சை இல்லை. குரோமேட் விட்டேன். மஞ்சள் கலங்கி, கனமாகக் குழாயின் அடியில் போய்த் தங்கியது. கரைசலின் நிறம் அடியில் போய்த் தங்காது.

பேரியம் குளோரைடு நஞ்சு. அது மனதில் தைத்த அடுத்த நொடியே எனக்கு என் மகள் முகம் வந்தது. நேற்று மாலை அந்தத் தூளைப் புட்டியில் நிரப்பிய கையோடு ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். கை கழுவினேனா? கழுவியிருப்பேன். எப்போதும் கழுவுகிறவள்தானே. ஆனால் கழுவியிருப்பேன் என்பது அறிவன. கழுவியதைக் கண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அடுத்த அறைக்கு ஓடினேன்.

"பாப்பா எப்படி இருக்கா?"

கணவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்பத்தானே குடுத்துட்டுப் போனே? நல்லாத்தான் இருக்கறா. என் சோத்தப் புடுங்கிட்டு இருக்கறா."

நேற்று மாலையிலிருந்து ஏழெட்டு முறை பால் குடித்து, தூங்கி எழுந்து, சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தை. அவளுக்கு ஒன்றும் இல்லை.  கையை நான்கு முறை கழுவிவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பினேன்.

திரும்பியதும் அந்த நான்கு தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான்கிலும், அம்மோனியத்தை உறுதி செய்யும் சோதனை என்று நெஸ்லர் வினைப்பொருள் சேர்த்ததாகவும், 'பழுப்பு நிற வீழ்படிவு' கண்டதாகவும் எழுதியிருந்தது. நான்கிலும் நான் சரி போட்டிருந்தேன்.

"அம்மா, நெஸ்லர் புட்டி எங்கிருக்குதுங்க?"

அவர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துத் தந்தார். "வந்ததுல இருந்து யாரும் தொறக்கலீங்க."

மூடியின் மேல் மெழுகு முத்திரை அப்படியே இருந்தது.

ஒருங்கிணைப்பாளரைத் தேடிப் போனேன். வராந்தாவில் ஜீப் ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். மூன்று நாளும் என் குழந்தை அழுததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஓட்டுநரைத் தள்ளிப் போகச் சொன்னார்.

"அந்தப் புள்ளையோட மார்க்கைத் திருத்திருங்க டீச்சர். முழுசாவே போட்டுருங்க. வேலை நிலைச்சுரும். அவ்வளவுதானுங்களே?"

"மத்த நாலு பேரு?"

"அவங்களுக்கு மார்க்கால ஒண்ணும் இல்லை. அதக் கிண்டிப் பாத்தா நாளைக்கு மேல வரைக்கும் போகும். உங்க பேருதான் முதல்ல வரும்." குரலைத் தாழ்த்தினார். "கைக்குழந்தையோட கருத்தாளரா வந்தாங்க, விசத்தை மாத்தி வெச்சுட்டாங்கம்பாங்க. எதுக்குங்க? நீங்களும் பொழைக்கோணுமல்ல."

நான் எந்த வாக்கியத்துக்குப் பயந்து மூன்று நாளாக ஒரு நிமிடம்கூடத் தாமதமாக வராமல் ஓடிக்கொண்டிருந்தேனோ, அதே வாக்கியம். அவர் மிரட்டவில்லை. என் நன்மைக்குத்தான் சொன்னார். சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. பூங்கொடிக்கு வேண்டியது மதிப்பெண், அது கிடைத்துவிடும். எனக்கு வேண்டியது அமைதி, அதுவும் கிடைத்துவிடும். சரிங்க என்று சொல்ல வாய் திறந்தேன்.

அப்போது வகுப்பறை வாசலில் மப்ளர் சார் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பைக்குள் வைப்பதைப் பார்த்தேன். பயிற்சி முடிந்தால் மீதி உப்பைப் பொட்டலம் மடித்து அவரவர் பள்ளிக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். பள்ளி ஆய்வகங்களில் உப்பு எப்போதும் போதாது. காலையில் நானே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். பொட்டலத்தின் மேல் பெயர் எழுதியிருக்கும். அவர் எழுதியிருக்கும் பெயர், என் லிஸ்ட்டில் இருந்த பெயர். நாளைக்கு ஏதோ ஒரு பள்ளியில் பிள்ளைகள் பேரியத்தை அம்மோனியம் என்று நம்பி அலட்சியமாகக் கையாள்வார்கள்.

"எல்லாரையும் உள்ள வரச் சொல்லுங்க சார்" என்றேன். "அஞ்சு நிமிசம்."

"யோசிச்சுக்கங்க டீச்சர்."

"யோசிச்சா சொல்லமாட்டேனுங்க."

முப்பது பேரும் பையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற முகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். பூங்கொடி கடைசி பெஞ்சில். நான் எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறவள்; அன்று கையில் தாள் இல்லை. நான்காம் எண் புட்டியில் இருந்தது பேரியம் குளோரைடு என்றேன். சோதித்துப் பார்க்காமல் நிரப்பியது நான் என்றேன். பூங்கொடி டீச்சர் எழுதியது ஒவ்வொரு வரியும் சரி, தப்பு என்று நான் சொன்னதுதான் தப்பு என்றேன். நான்காம் எண்ணிலிருந்து எடுத்தவர்கள் பொட்டலத்தை இப்போதே மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவிவிட்டுப் போகும்படி கேட்டேன்.

 முன்வரிசையில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அப்ப மத்த நாலு பேருக்கும் அம்மோனியம் எங்கிருந்துங்க வந்துச்சு?" என்றார்.

 நெஸ்லர் புட்டியை மேசையில் வைத்தேன். முத்திரை எல்லோருக்கும் தெரிந்தது. பெயர் சொல்லியிருக்க வேண்டுமோ, புட்டியைக்கூடக் காட்டாமல் இருந்திருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை.

மப்ளர் சார் எழுந்தார். மெதுவாக நடந்து வந்து பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"நான் சோதிக்கலைங்க" என்றார். "லிஸ்ட்டைப் பாத்து எழுதினேன். இருவத்திரண்டு வருசமா அப்படித்தான் எழுதறேன்." திரும்பிப் போகும்போது கடைசி பெஞ்சைப் பார்த்து, "காப்பித்தூள்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்க கண்ணு" என்றார். அதற்குப் பிறகு மற்ற மூன்று பொட்டலங்களும் வந்தன. 

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். சோதிக்காமல் நிரப்பினேன் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகள் என்னைக் கருத்தாளராகக் கூப்பிடவில்லை. கைக்குழந்தை வாக்கியமும் சுற்றி வந்து என் காதில் விழுந்தது. நினைத்த அளவு வலித்தது. நினைத்ததைவிடச் சீக்கிரம் ஆறியது. பூங்கொடியைப் பள்ளி வைத்துக்கொண்டது. இப்போது பயிற்சிகளில் லிஸ்ட் கேட்காமல் இருக்கிறார்களா என்றால், கேட்கிறார்கள். உங்களிடமும் கேட்பார்கள்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல நினைத்தது, அன்று எல்லோரும் எழுந்து போன பிறகு நடந்ததை.

பூங்கொடியின் தாளில் மதிப்பெண்ணைத் திருத்தி, சிவப்பு மையில் எழுதியதை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். மகிழ்ச்சி முகத்தில் வரவில்லை. வெளியே ஜீப் இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"தாளைக் குடுத்துரலாமுங்களா?" என்றேன்.

"டீச்சர்." தயங்கினார். "நீங்க சொன்னப்ப நான் நம்பிட்டேனுங்க."

"எதை?"

"கம்பி காப்பர்ல பட்டிருக்கும்னு. சோறு திங்கறப்ப ரோசனை பண்ணிப் பாத்தேன். பட்டுத்தான் இருக்கும்னு தோணுச்சுங்க. பச்சை தெரிஞ்சுதா, நானா நெனச்சுக்கிட்டேனான்னே சந்தேகம் வந்துருச்சு. இப்ப நீங்க சரின்னு சொல்லிட்டீங்க. அதையும் நீங்க சொல்லித்தானுங்களே நம்பறேன்."

ஒருவர் தன் கண்ணால் கண்டதை, இரண்டு மணி நேரத்தில், நான்கு வாக்கியத்தில், அவரிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மதிப்பெண்ணைத் திருத்தினால் அது திரும்பி வரவில்லை.

"இன்னொருக்கா செஞ்சு பாத்துக்கட்டுங்களா?" என்றார்.

ஒருங்கிணைப்பாளர் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைக் காட்டினார். "பத்து நிமிசமுங்க சார்" என்றேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு ஓட்டுநரிடம் ஏதோ சொல்லப் போனார்.

ஆய்வகத்தில் பூங்கொடி விளக்கை ஏற்றினார். கம்பியை அமிலத்தில் நனைத்து எரித்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. சுடரில் நிறம் இல்லை என்று உறுதியாகும் வரை நிறுத்தவில்லை. நான் கிட்டே போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்பதே அப்போது எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

உப்பைத் தொட்டுச் சுடரில் வைத்தார். பார்த்தார். கம்பியை எடுத்து, மறுபடி உப்பைத் தொட்டு வைத்தார். பிறகு திரும்பி, என்னிடம் நிறம் என்ன என்று கேட்காமல், தாளை எடுத்து, காண்பன என்ற பத்தியில் தான் காலையில் எழுதியிருந்ததை ஒரு முறை படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"எழுதுனது அப்படியே இருக்கட்டுங்க" என்றார். "குடுத்துருங்க."